தீபாவளி நெருங்கினாலே அம்மாவுக்கு முடியாமல் போகிறது. திறந்த இல்ல உபசரிப்பை நிறுத்திவிடலாமா?

கேள்வியின் சுருக்கம்: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டப்பட்டணம். அம்மாவுக்கு வயது 58, இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. அப்பா, வேலைக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா படுத்துவிடுகிறார்.

நிறுத்தத் தேவையில்லை. முதலில் அம்மாவின் தூக்கத்தைக் கணக்குப் பாருங்கள். பலகாரம், வீடு கழுவுவது, திரைச்சீலை, கடைசி நேரக் கடைத்தெரு எல்லாம் கடைசி மூன்று இரவுகளில் ஒரே ஆள் தலையில் விழுகின்றன. இரவு ஒரு மணிக்குப் படுத்து எண்ணெய்க் குளியலுக்கு நாலு மணிக்கு எழுந்தால், அதிரசத்தைத் தொடாமலேயே சர்க்கரை ஏறும். அதனால் தீபாவளிக்கு முந்திய இரவு 10 மணிக்கு அடுப்பை அணைத்தாக வேண்டும். அதை வைத்து மற்ற வேலைகளைப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு மூன்றையும் இரண்டு வாரம் முன்பே சுட்டு வைக்கலாம். காற்றுப் புகாத டின்னில் மூன்று வாரம் தாங்கும். சூடு ஆறுவதற்குள் மூடினால் நீராவி உள்ளேயே தங்கி நமத்துப்போகும். நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் சாயங்கால மழை வேறு. ஈரக்காற்றில் திறந்து வைத்தாலும் அதே கதைதான். காலையில் சுட்டு, நன்றாக ஆறியதும் மழைக்கு முன்பே டின்னில் போட்டுவிடுங்கள். அதிரச மாவு இரண்டு நாள் ஊற வேண்டியது. மாவு பிசைவதும் சுடுவதும் தானாகவே வேறு வேறு நாளாகிவிடும். நெய் உருண்டை கடைசி வாரத்துக்குப் போதும்.

ஒரு நாளைக்கு 2 கிலோ மாவுக்கு மேல் வேண்டாம். பிழிவது அப்பாவின் வேலையாகட்டும். 4 பங்கு அரிசி மாவுக்கு 1 பங்கு வறுத்தரைத்த உளுத்தமாவு போட்டுப் பிசைந்த மாவு, அரை மணி நேரத்தில் காய்ந்து இறுகிவிடும். அதைப் பிழிந்துதான் மணிக்கட்டு வீங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். மாவைச் சலிக்காமல் விட்டாலோ அச்சுக்குள் காற்று சிக்கினாலோ முறுக்கு எண்ணெயில் வெடித்து முகத்தில் தெறிக்கும். எண்ணெய் பட்டுச் சுட்டுவிட்டால் வளையல், மோதிரத்தைக் கழற்றி, சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கிச்சாப்பும் பற்பசையும் பூசும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அவை சூட்டைத் தணிப்பதில்லை, டாக்டருக்குப் புண்ணையும் மறைத்துவிடும்.

அடுத்து மருந்து. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) மருந்து எடுக்கும் தேதி விடுமுறை வாரத்தில் விழுகிறதா என்று இன்றே அட்டையைப் பாருங்கள். பேராக்கில் வார விடுமுறை சனி, ஞாயிறு. கெடாவில் வெள்ளி, சனி. உறவினர் வீட்டுக்குப் போவதாக இருந்தால் இதையும் கவனிக்க வேண்டும். நீண்ட நாள் வெளியூரில் தங்குவதென்றால், அங்குள்ள அரசாங்க மருந்தகத்திலேயே வாங்கிக்கொள்ள ஸ்புப் என்ற ஏற்பாடு உண்டு. கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

தீபாவளிக் காலையில் ஆபத்து எதிர்த்திசையிலிருந்தும் வரும். குளித்து, படையல் போட்டு, சாமி கும்பிட்டு, பசியாற ஒன்பது மணி ஆகிவிடும். வழக்கமான நேரமாயிற்றே என்று கிளிக்லசைட் என்ற சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கும். அந்த மாத்திரை கடிகாரத்தைப் பார்த்துப் போடுவதில்லை, சாப்பாட்டோடு போடுவது. ஊசி போடுபவராக இருந்தால் அளவையும் நேரத்தையும் டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். வியர்வை, கைநடுக்கம், பேச்சில் குழப்பம் கண்டால் உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 4.0 mmol/L-க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் திரும்பக் கொடுங்கள். ஏறியதும் சாப்பிட வையுங்கள். இனிப்புதானே என்று அதிரசத்தை நீட்ட வேண்டாம். சர்க்கரை ரத்தத்தில் சேர்வதை அதிலுள்ள எண்ணெய் தாமதமாக்கும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள்.

குளியலறை பற்றி ஒரு வார்த்தை. பழைய லயத்து வீடுகளில் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் பாசி பிடித்திருக்கும்; அதன் மேல் நல்லெண்ணெயும் சிந்தினால் இடுப்பு எலும்புக்கு உத்தரவாதமில்லை. முந்திய வாரமே தேய்த்துக் கழுவுங்கள். அம்மா பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும், அதுவும் முதல் ஆளாக.

விருந்தை மட்டும் நேரம் குறித்து நடத்துங்கள். வாட்சாப் அழைப்பில் ‘மதியம் 12 முதல் 4 வரை’ என்று முடியும் நேரத்தையும் போடுங்கள். தொடங்கும் நேரம் மட்டும் இருந்தால் இரவு பதினொன்றுக்கும் ஆள் வரும். ஒரு ஆட்டிறைச்சிப் பிரட்டல், ஒரு சைவக் குழம்பு, சோறு போதும். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். பெரிய சட்டியோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி ஆற வெகு நேரமாகும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள். கெட்டுப்போன சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் அதில் உண்டான நஞ்சு போகாது. கொட்டிவிடுவதே நல்லது.

அம்மா விருந்தாளியாகப் போகும் வீடுகளில் ‘வேண்டாம்’ என்ற சொல் எடுபடாது, தெரிந்ததே. ‘தாப்பாவ் (பொட்டலம்) பண்ணிக் கொடுங்கக்கா, சாயங்காலம் சாப்பிடுறேன்’ என்றால் இருவருக்கும் மனம் கோணாது. சிராப் தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீர் கேட்பதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். குடித்து ஏறும் சர்க்கரைதான் வேகமானது.

வீடு சுத்தம் செய்கையில் கால்வாயையும் சாமான் கொட்டகையையும் வெறுங்கையால் தொடாதீர்கள். எலிச் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். ரப்பர் கையுறையும் காலணியும் போடுங்கள். டிங்கிக் கொசு பெருகாமல் இருக்க, பூச்சட்டித் தட்டுகளில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். இந்தச் சமயத்தில் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் அலைச்சல் என்று நினைத்து வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். டிங்கியாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் ரத்தக் கசிவைக் கூட்டும். பாரசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவுக்குள். இரண்டு நாளில் விடாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் பண்டிகை நாள் என்று பாராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு. காய்ச்சல் இறங்கியதும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்ப்பார். விடாதீர்கள், டிங்கியில் நிலைமை மோசமாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.