சித்தி கொடுத்த மாத்திரை

அம்பாசமுத்திரத்துத் தங்கச்சிக்கு,

நீ எழுதியதை நேற்று ராத்திரிதான் படித்தேன். இப்போது நான் இங்கிலாந்து நியூகாசிலில் இல்லை. ஆனித் தேருக்கு என்று லீவு போட்டு வந்து, பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். காலை ஐந்தரை மணி. அம்மா இப்போதுதான் தைராய்டு மாத்திரையைப் போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். உனக்குப் பதில் எழுத இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. நீ என்றே எழுதுகிறேன், கோவிச்சுக்காதே.

நீ கேட்டது இது: லீட்ஸுக்கு வந்து எட்டு மாசம் ஆகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, எட்டு கிலோ ஏறிவிட்டது, எந்நேரமும் தூக்கம். ஜி.பி., அதாவது அங்கத்துக் குடும்ப டாக்டர், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டார். உன் அம்மாவோ ஊரிலிருந்து தைராய்டு மாத்திரை கொடுத்துவிடுகிறேன் என்கிறாள். போடலாமா? கூடவே வீட்டு வாடகை, கார் லைசென்ஸ், நல்ல இட்லி அரிசி.

லைசென்ஸ் விஷயம் லேசு. ஊர் லைசென்ஸை வைத்து ஒரு வருஷம் ஓட்டலாம், அதற்குள் அங்கே டெஸ்ட் பாஸ் பண்ணிவிடு. வாடகையை உன் வீட்டுக்காரர் ஆபீஸில் கேட்டுக்கொள்வார். இட்லி அரிசி எங்கே வாங்கினாலும் அங்கத்துக் குளிரில் மாவு பொங்காது, அந்தக் கவலையை விடு.

மாத்திரைக்கு வருகிறேன். போடாதே. உன் அம்மா மேல் உள்ள பாசத்தில்கூடப் போடாதே. ஏன் என்று என் கதையைக் கேள்.

நான் போனது 2003 ஜனவரியில். போன மூன்றாம் நாள் பனி. தாமிரபரணியில் மார்கழி மாசம் முங்கினவள், எனக்கா குளிர் என்று நினைத்தேன். ஒரு வருஷத்தில் ஜூன் மாசத்திலும் இரண்டு சாக்ஸ் போட்டுத் தூங்குகிற நிலைமை வந்துவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்கும். டாக்டரிடம் போனோம். என் இங்கிலீஷ் அப்போது நொண்டி என்பதால் எனக்காக வீட்டுக்காரர் பேசினார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்: ‘இவளுக்கு ஊர் ஞாபகம், அழுகிறாள்.’ அந்தப் பத்து நிமிஷத்தில் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன அழுத்தத்துக்கு என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

2004 கோடையில் ஊருக்கு வந்தேன். வாசலில் இறங்கினதும் சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னட்டி இது, மொகமெல்லாம் ஊதிக் கெடக்கு? இது தைராய்டுல்லா!” என்றாள். அவள் டாக்டர் இல்லை, சத்துணவு அமைப்பாளர். ஆனால் சொன்னது சரி. அடுத்து செய்ததுதான் தப்பு. தன் ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரைப் பாட்டிலை அப்படியே என் கையில் திணித்து, “தெனம் ஒண்ணு போட்டுப் பாரு, எதுக்கு வெட்டியா டெஸ்ட்டு” என்றாள். நூறு மாத்திரை. நானும் அல்வா டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

போட்டேன், தெளிந்தேன். இரண்டரை மாசம் கழித்து, இப்போதாவது முறையாகப் பார்த்துவிடுவோம் என்று டாக்டரிடம் போய்த் தைராய்டு டெஸ்ட் கேட்டேன். எடுத்தார்கள். நார்மல்! மாத்திரை உள்ளே இருக்கும்போது நார்மல் வராமல் என்ன வரும்? ஊர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லப் பயம், திட்டுவார்களோ, விசாவில் ஏதும் வருமோ என்று. வாயை மூடிக்கொண்டேன். பாட்டில் காலியானதோடு மாத்திரையும் நின்றது. அடுத்த பனிக்காலத்தில் பழைய குருடி கதவைத் திறடி என்று எல்லாம் திரும்பி வந்தது. ஆனால் என் ஃபைலில் ‘தைராய்டு பார்த்தாச்சு, நார்மல்’ என்று ஏறிவிட்டதே. எத்தனை தடவை போனாலும் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஒன்றரை வருஷம் இப்படியே போனது.

கடைசியில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. வேறு எதற்கோ ரத்தம் எடுக்கப் போயிருந்தபோது ஒரு நர்ஸம்மா கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, “உன் குரல் எப்போதும் இப்படித்தான் கரகரப்பாக இருக்குமா?” என்று கேட்டாள். என் புருவத்தின் வெளி ஓரத்தைப் பார்த்தாள். அங்கே முடியே இல்லை. அப்புறம், “ஊரிலிருந்து ஏதாவது மருந்து கொண்டுவந்து சாப்பிட்டாயா?” என்றாள். யாரும் கேட்காத கேள்வி. அழுதுகொண்டே சொன்னேன். திட்டவில்லை. டி.எஸ்.எச். டெஸ்டையும் சேர்த்து எழுதினாள். தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டுகிற ஹார்மோன் அது, தைராய்டு மந்தமானால் ஏறும். வந்தது 41. நாலுக்குள் இருக்கவேண்டியது.

சித்தி மேல் எனக்குக் கோபமில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் இன்றைக்கும் மாத்திரைப் பாட்டில்களைக் கடத்திக்கொண்டு வருகிற நம்ம ஆட்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு விசேஷ வீட்டில் உட்கார்ந்தால் போதும், ‘எனக்கு எழுபத்தஞ்சு, உனக்கு எவ்வளவு’ என்று நகைச்சீட்டு போலப் பேசிக்கொள்வார்கள். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதும் உண்டு. லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கத்து ஆட்கள் இதில் இன்னும் மோசம். வாழையிலை முதல் வடகம் வரை தெருவிலேயே கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு, இதற்கு மட்டும் ஊர்ப் பாட்டில். கேட்டால் ‘அங்கத்து டாக்டருக்கு ஒன்றும் தெரியாது’ என்பார்கள். டெஸ்ட் எடுப்பதற்கு முன்னால் மாத்திரை போட்டால், எந்த ஊர் டாக்டருக்கும் ஒன்றும் தெரியாதுதான். நிறுத்தினாலும் ரத்தம் பழைய நிலைக்கு வர ஆறு வாரமாவது ஆகும்.

சரி, உன் ‘நார்மல்’ என்ன நார்மல்? அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வராதே, நம்பரை வாங்கு. என்.எச்.எஸ். (அங்கத்து அரசாங்க மருத்துவச் சேவை) ஆப்பில் உன் ரிசல்ட் ஏறியிருக்கும். இல்லாவிட்டால் ரிசப்ஷனில் பிரிண்ட் கேள், தருவார்கள். டி.எஸ்.எச். எவ்வளவு, அந்த லேபின் எல்லை எவ்வளவு என்று பார். ஏறக்குறைய 0.4-லிருந்து 4 வரை இருக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தார்களா, தைராய்டு சுரக்கிற ஹார்மோனான ஃப்ரீ டி4-ம் பார்த்தார்களா என்றும் பார். பெரும்பாலும் முதலில் டி.எஸ்.எச். மட்டும்தான் பார்ப்பார்கள், அது எல்லை தாண்டினால்தான் அடுத்தது. எல்லையைத் தாண்டி, ஆனால் பத்துக்குக் கீழே நின்றால் உடனே மாத்திரை தரமாட்டார்கள். மூன்று மாசம் கழித்து இன்னொரு தடவை எடுப்பார்கள், தைராய்டை உடம்பே தாக்குகிறதா என்று காட்டும் டி.பி.ஓ. ஆன்டிபாடியும் பார்ப்பார்கள். இதை அலட்சியம் என்று நினைத்துச் சண்டை போடாதே. சில பேருக்கு அது தானாக இறங்கியும் விடும். இரண்டு தடவையும் பத்தைத் தாண்டினால் பேச்சு வேறு. இரண்டு தடவையும் எல்லைக்கும் பத்துக்கும் நடுவில் நின்று உனக்குத் தொந்தரவும் இருந்தால், ஆறு மாசம் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா என்று நீயே கேட்கலாம். அங்கே வைத்தியத்துக்கு வழிமுறை வகுக்கிற நைஸ் என்ற அமைப்பு 2019-ல் போட்ட வழிமுறையிலேயே அது இருக்கிறது.

இன்னொன்று, அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டாய்: முடிக்கு ‘கம்மீஸ்’ (மிட்டாய் மாதிரி விட்டமின்) சாப்பிடுகிறேன் என்று. டப்பாவைத் திருப்பிப் படி, பயோட்டின் என்று போட்டிருக்கும். சில லேப் மெஷின்களை அது ஏமாற்றிவிடும், டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும் டி4 கூடவும் காட்டும். அதிக அளவு பயோட்டின் என்றால் டெஸ்டுக்கு இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்து, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லு. உன் நார்மலில் எனக்குச் சந்தேகம் வந்ததே இதனால்தான். அடுத்த டெஸ்டைக் காலையில் எடு. டி.எஸ்.எச். ராத்திரியும் அதிகாலையிலும் ஏறி, மத்தியானத்துக்கு மேல் இறங்கும்.

நம்பர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு, நான் அதில் ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்தேன். ஊர் ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 1.1, அங்கே 14. பதின்மூன்று மடங்கு ஏறிவிட்டது என்று நெஞ்சு அடைத்துவிட்டது. இரண்டும் ஒன்றுதானாம், அளவைதான் வேறு. ஹீமோகுளோபினும் அப்படித்தான், இங்கே 10.8 என்பதை அங்கே 108 என்று எழுதுவார்கள். டி.எஸ்.எச். மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே நம்பர்.

டாக்டரிடம் என்ன சொல்வது என்பதுதான் எனக்கு முக்கியம். நம்ம ஊரில் ‘மேலுக்கு முடியல’ என்றால் எல்லாருக்கும் புரியும். அதை ‘டயர்ட்’ என்று இங்கிலீஷில் சொன்னால் செத்துப்போகும், அந்த வார்த்தையை அவர் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தாளில் எழுதிக்கொண்டு போ. போன தையில் இத்தனை கிலோ, இப்போது இத்தனை. மூன்று நாளைக்கு ஒருதரம்தான் வயிறு போகிறது. மாதவிலக்கு ஏழு நாள், எட்டு நாள் நிற்காமல் போகிறது. எல்லாரும் டீ ஷர்ட்டில் இருக்கும்போது எனக்குக் குளிர்கிறது. அம்மாவுக்குத் தைராய்டு. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே, குடும்பத்தில் இருந்தால் அவர்கள் காது நிமிரும். இங்கிலீஷ் வரவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல், காசு கிடையாது. வீட்டுக்காரரைப் பேச விடாதே. வேண்டுமானால் கோட்டைப் பிடித்துக்கொண்டு வெளியில் உட்காரட்டும்.

இரும்புச் சத்து, பி12, விட்டமின் டி மூன்றையும் சேர்த்துக் கேள். முடி கொட்டுவதெல்லாம் தைராய்டு இல்லை. நம்ம தோலுக்கு அந்த ஊர் வெயில் எந்த மூலைக்கு? குளிர்காலத்தில் தினம் பத்து மைக்ரோகிராம் விட்டமின் டி என்று அங்கே எல்லாருக்குமே சொல்கிறார்கள். கடல்பாசி மாத்திரை நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதே, அயோடின் கூடினாலும் தைராய்டு கெடும். கழுத்தில் கட்டி தெரிந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, உண்டாகியிருந்தாலோ மூன்று மாசக் கணக்கெல்லாம் பார்க்காதே, உடனே போன் போடு.

போன் போடக் கூச்சப்படுகிறாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. ‘ஃப்ரீயாகப் பார்க்கிறார்கள், தொல்லை கொடுக்கக் கூடாது’ என்கிறாய். எது ஃப்ரீ? விசாவோடு ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டிவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள். காலை எட்டு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார், வரிசையில் பதினேழாவது என்று சொன்னாலும் வைக்காதே. தைராய்டு என்று உறுதியாகி மாத்திரை எழுதிவிட்டால் எஃப்.பி.92.ஏ என்ற ஃபாரம் கேள். அது வந்துவிட்டால் ஐந்து வருஷத்துக்கு எந்த மருந்துச் சீட்டுக்கும் காசு கிடையாது. அது தெரியாமல் நான் நாலு வருஷம் கட்டினேன். சொல்லித் தந்தது பார்மசியில் வேலை பார்த்த ஒரு குஜராத்திப் பெண். நம்ம ஆள் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஒன்று தெரியுமா, இந்த நோய்க்கு முதல்முதலாக மருந்து கொடுத்தது நான் இருக்கிற நியூகாசிலில்தான். 1891-ல் மர்ரே என்ற டாக்டர் ஆட்டுத் தைராய்டைச் சாறெடுத்து ஒரு அம்மாவுக்கு ஊசி போட்டார். அந்த அம்மா அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் இருந்தார். அந்த ஊரிலேயே மூன்று வருஷம் என் நோய் யாருக்கும் தெரியவில்லை என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

முந்தாநாள் அம்மாவை வண்ணார்பேட்டையில் ஒரு லேபுக்குக் கூட்டிப்போனேன். தைராய்டு மட்டும் போதும் என்றால், கவுண்டரில் இருந்த பையன் ‘ஃபுல் பாடி பேக்கேஜ் ஆஃபர்ல இருக்கு’ என்று விடவே மாட்டேன் என்கிறான். அங்கே கெஞ்சினால் ஒரு டெஸ்ட், இங்கே வேண்டாம் என்றாலும் நாற்பது. அம்மா அவனைச் சட்டை பண்ணவில்லை. மடியில் இருந்த மஞ்சள் பையைப் பிரித்தாள். ஜவுளிக்கடைப் பெயர் அழிந்து, காது இரண்டு தரம் தைக்கப்பட்ட பை. உள்ளே பழுப்பேறின கையெழுத்து ரிப்போர்ட்டிலிருந்து போன வருஷத்துக் கம்ப்யூட்டர் தாள் வரைக்கும் தேதி வாரியாக, நடுவில் நூல் கட்டி வைத்திருந்தாள். “இதுல எது கூடியிருக்கு, எது கொறைஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லு தம்பி” என்றாள். பையன் பேசாமல் ஒரு டெஸ்டுக்குப் பில் போட்டான். எட்டாங்கிளாஸ் படித்தவள். இருபது வருஷமாக நான் அங்கே கற்றுக்கொண்டதாகப் பெருமைப்பட்டதை இவள் மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறாள்.

உன் அம்மாவிடம் பாட்டில் வேண்டாம், அவள் பழைய ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். அதைத்தான் டாக்டரிடம் காட்டவேண்டும். அடுத்த டெஸ்ட் வந்ததும் நம்பரை எனக்கு எழுது.

மணி ஆறரை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டதாம், அம்மா அடுக்களை வாசலில் வந்து நிற்கிறாள். காபி போடப் போகிறேன்.