நத்தைகுத்தி நாரையின் நண்பகல்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. செங்கல்பட்டிலிருந்து தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிறேன். முழுநேரக் கானுயிர்ப் புகைப்படக்காரனாக ஆசை. வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, தொலைவில் இருப்பதைக் கிட்டக் காட்டும் ஒரு 600 எம்எம் லென்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன். கபினி, ரந்தம்பூர் என்று புலிக்காடுகளுக்குப் போனால்தான் பெயர் கிடைக்கும் என்கிறார்கள். இந்த முடிவு சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேலையை இப்போது விடாதீர்கள். கடனும் வேண்டாம்.

கபினியில் புலி ஒன்று பாதையோரம் வந்து நின்றால், அங்கிருக்கும் அத்தனை ஜீப்பிலும் ஏறக்குறைய ஒரே படம்தான் பதிவாகும். அதற்காக உங்களை யார் தேடி வருவார்கள்? உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. அங்கே நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். வாயை மூடினாலும் அலகின் நடுவே ஒரு சந்து தெரியும். குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர்ந்த பிறகுதான் வரும். தாயும் குஞ்சும் பக்கவாட்டில் ஒரே சட்டகத்தில் அமைந்தால், அந்தப் படமே ஒரு கட்டுரை.

இன்னொன்று. காலை ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் கடுமை என்று எல்லாரும் கேமராவை உள்ளே வைத்துவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கிளம்பிவிடுவேன். ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு ஏரிக்கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். உச்சிவெயிலில் ஒரு நாரை கூட்டின் மேல் இறக்கையை விரித்தபடி நின்றது. கீழே, அந்த நிழலில், குஞ்சுகள். புகைப்படக்காரர்கள் ஆகாது என்று ஒதுக்கும் வெயில்தான் அந்தக் காட்சிக்கே காரணம். பறவையின் வாழ்க்கை தெரிந்தவர் அந்த நேரத்துக்குக் காத்திருப்பார். லென்ஸால் இதைச் சொல்லித்தர முடியாது.

கானுயிர்ப் புகைப்படக்காரரும் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா அமைத்துக்கொண்டவர். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். 1950-இல் ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் தொடங்கிய பத்தியை இறக்கும்வரை எழுதினார். அவர் படங்களுக்குப் பின்னால் அந்த எழுத்தும், காட்டில் நடந்த நடையும் இருந்தன. நீங்களும் ஒவ்வொரு நாளும் பார்த்ததைத் தமிழில் எழுதிவையுங்கள். படத்தோடு நல்ல குறிப்பும் தருபவரைப் பத்திரிகையும் ஆய்வாளரும் மறக்கமாட்டார்கள்.

அப்புறம், கூட்டை நெருங்காதீர்கள். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சம்பந்தப்பட்ட கானுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009-க்கான முதல் பரிசு வேலியைத் தாண்டும் ஓநாய்ப் படத்துக்குப் போனது. அது காட்டு ஓநாய் அல்ல, மனிதர் பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுசெய்ததும் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். இந்தத் தொழிலில் நம்பிக்கை போனால் மிச்சம் ஒன்றுமில்லை.

வருமானத்துக்கு வருகிறேன். படம் விற்று மட்டும் குடும்பம் நடத்துபவர்கள் மிகக் குறைவு. பயிற்சி வகுப்பு, பயணக்குழுவை அழைத்துப் போவது, பாதுகாப்பு அமைப்புகளுக்கான ஆவணப் பணி, வீடியோ எல்லாம் சேர்ந்துதான் மாதம் ஓடும். அவை சம்பளத்தில் பாதியையாவது எட்டிய பிறகு ராஜினாமா பற்றி யோசிக்கலாம். அதுவரை பழைய கேமராவும், யாரோ விற்கும் 150–600 லென்ஸும் தாராளம்.

இந்தப் பருவத்தில் கூடு கட்டும் நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வேடந்தாங்கல் போங்கள். குடையும் தண்ணீரும் மறக்காதீர்கள், மதியம்வரை இருக்க வேண்டுமே. பங்குனியில் பத்துப் படங்களும் உங்கள் நோட்டும் எனக்கு வரட்டும். உட்கார்ந்து பார்ப்போம்.