பேய்க்கு ஒரு வழக்கு உண்டு

கேள்வி: தோட்டத்துப் பேய்க்கதை கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது ஓர் அறிவியல் கதை எழுதுகிறேன். செம்பனைத் தோட்டத்தை நிர்வகிக்கும் கணினிதான் வில்லன். 'பழிவாங்குவேன்' என்று அது கர்ஜிக்கிறது. ஆனால் படித்த நண்பர்கள் பயமே இல்லை என்கிறார்கள். பொந்தியானாக் என்ற மலாய்ப் பேய்க்கு நடுங்குகிறவர்கள் இதற்கு ஏன் நடுங்கவில்லை?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் கணினிக்கு எதற்கு இத்தனை கோபம்? அதற்கு யாரும் ஒரு கெடுதலும் செய்யவில்லையே.

நம் பேய்கள் அப்படியல்ல. பொந்தியானாக் பிரசவத்தில் செத்த பெண். என் அம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போன காலத்தில், விடியுமுன் தலைவிளக்கோடு மர நிரையில் நிற்கும்போது, அவள் வருகையைச் சொல்லும் கெம்போஜாப் பூ வாசம் வந்தால் பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவார்களாம். வெயில் ஏறி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்கும்போதுதான் வாய் திறப்பார்கள். "பாவம், யார் பெத்த பிள்ளையோ. ஆஸ்பத்திரிக்குப் போக லோரி கிடைக்காம செத்திருப்பா." தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்தில் அப்படிச் செத்தவர்கள் இருந்தார்கள். பயத்துக்குள் இருந்த அந்த இரக்கத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் முன்பு வயிற்றுப்பிள்ளையோடு இறந்தவளுக்காகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதில் இறக்கிவைத்து இளைப்பாறலாம். பழையனூர் நீலியோ போன பிறவியில் தன்னைக் கொன்றவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன்' என்று ஊர்ச் சபையில் வழக்காடுகிறாள். அவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த வேளாளர் 70 பேரும், நீலி அவனைக் கொன்றதும், கடைசியில் தீயில் இறங்குகிறார்கள். பேய் கொண்டுவந்த வழக்கில் நியாயம் இருப்பதுதான் கேட்பவனைக் கலங்கடிக்கிறது.

அறிவியல் கதையின் நல்ல வில்லனுக்கு வழக்கே கிடையாது. ஆர்தர் சி. கிளார்க் 1968இல் எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' நாவலில் விண்கலத்தில் வரும் ஹால் என்ற கணினிக்கு யார்மேலும் பகையில்லை. பயணத்தின் உண்மையான நோக்கத்தைக் கலத்தை ஓட்டும் இருவரிடமும் மறைக்கும்படி அதற்கு உத்தரவு. பொய் சொல்லத் தெரியாத இயந்திரம் அந்த உத்தரவில் சிக்கித் தடுமாறுகிறது. தன்னை அணைக்கப் போகிறார்கள் என்றதும் கொல்லத் துணிகிறது. எல்லை முனியாண்டிக்குச் சுருட்டு வைத்து வேண்டலாம். இதனிடம் எதை வைத்து வேண்டுவது?

ஆகவே கோபத்தை எடுத்துவிடுங்கள். செலவைக் குறை என்ற ஒரே உத்தரவைக் கொடுங்கள். ஒருநாள் லயத்துத் தண்ணீர் நிற்கட்டும். கேட்கப் போன கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) கணினி மரியாதையாக, கணக்கோடு பதில் சொல்லட்டும். அந்த உத்தரவைப் போட்டது யார் என்பதை மட்டும் விடாதீர்கள். உங்கள் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: பேய், இயந்திரம் இரண்டும் ஒரே வில்லனில் சேராதா?
- வாசகி, தாப்பா

பதில்: தாராளமாகச் சேரும். 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' அப்படித்தான். படைத்தவனே முகம் சுளித்துக் கைவிட்ட உயிர் அது. துணை ஒன்று கேட்கிறது, அதையும் அவன் செய்யத் தொடங்கிப் பாதியில் அழித்துவிடுகிறான். விஞ்ஞானத்தில் பிறந்தாலும் குணத்தில் அது நம்ம ஊர்ப் பேய்தான். 2010இல் வந்த 'எந்திரன்' சிட்டியும் அதே வழிதான்: வெட்டிக் குப்பையில் எறியப்பட்டது, திரும்பி வருகிறது. அதைக் கெட்டதாக்க வில்லன் பொருத்தும் சிவப்புச் சில்லு இல்லாமல், அந்த அவமானம் ஒன்றே அதை மாற்றியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

கேள்வி: பொந்தியானாக்கை முதலில் படமாக்கிப் பெயர் வாங்கியவர் ஓர் இந்தியராமே?
- வாசகர், பீடோர்

பதில்: ஆமாம், பி. என். ராவ். இந்தியாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் இயக்கியவர். 1957இல் கேத்தே கெரிஸ் தயாரிப்பில் அவர் எடுத்த 'பொந்தியானாக்' பெரும் வெற்றி பெற்றது. பேயாக நடித்தவர் மரியா மெனாடோ. அடுத்தடுத்து அதன் தொடர்ச்சிகளும் வந்தன.