பனிமலைத் தடத்தில் பக்கி வண்டி: வாசகர் கேள்வி – பதில்

ஐஸ்லாந்தின் மலைப்பகுதிகளில் வழிகாட்டியின் துணையோடு, கரடுமுரடான தடங்களுக்கென்றே செய்யப்பட்ட ‘பக்கி’ (buggy) என்னும் திறந்த வண்டியை நாமே ஓட்டிச் செல்லும் சுற்றுலாவைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பலரும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பல ஆண்டுகளாகக் கார் ஓட்டி வருகிறேன். பக்கி வண்டியை ஓட்ட அந்த அனுபவம் போதுமா? உரிமம் கேட்பார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

போதும், ஆனால் கார் ஓட்டிப் பழகிய சில வழக்கங்களை அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். இரும்புக் குழாய்களால் ஆன திறந்த கூண்டுக்குள் இரண்டு அல்லது நான்கு இருக்கைகள், மேடுபள்ளத்தைத் தாங்கும் உயரமான சஸ்பென்ஷன், பருத்த டயர்கள், பெரும்பாலும் இருக்கைகளுக்குப் பின்னால் எஞ்சின் என்பதே இந்த வண்டியின் அமைப்பு. கிளட்ச் மிதி கிடையாது. நம் ஊர் கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இருப்பதுபோல் ரப்பர் பெல்ட் ஒன்றுதான் எஞ்சினின் விசையைச் சக்கரங்களுக்குக் கடத்துகிறது. ‘ஹை’, ‘லோ’ என்று இரண்டு கியர்கள் இருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் ‘ஹை’யிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டிருந்தால் பெல்ட் வழுக்கிச் சூடேறி, கருகிய ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறும், அந்த நாற்றம் வந்த பிறகு ‘லோ’வுக்கு மாறுவதில் பெரிய பயன் இல்லை. இறக்கத்தில் இன்னொரு சங்கதி உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்துவிட்டால், பல மாடல்களில் பெல்ட்டின் பிடி விட்டுப்போய், எஞ்சினின் தடுப்பு இல்லாமல் வண்டி தானாக உருளத் தொடங்கும். ஆகவே இறங்கும்போதும் ஆக்சிலரேட்டரில் கால் லேசாகப் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று புறப்படுமுன் நடக்கும் பயிற்சியில் வழிகாட்டி சொல்வார். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் படம் எடுப்பதிலேயே கவனமாக இருப்பவர்கள்தான் முதல் இறக்கத்தில் திணறுகிறார்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருக்கும். வலப்பக்கம் உட்கார்ந்தே பழகிய நாம், நம் உடலைப் பாதையின் வழக்கமான இடத்தில் நிறுத்திக்கொள்வதாக எண்ணி வண்டியைச் சிறிது சிறிதாக வலப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே போய்விடுவோம். வலப்பக்கச் சக்கரங்கள் ஓரத்துப் பாறைகளில் ஏறும்போதுதான் அது தெரியவரும். முன்னால் போன வழிகாட்டியின் டயர் தடத்தில் நம் இடப்பக்கச் சக்கரம் பொருந்தியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை இராது.

ஓட்டுகிறவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமத்தின் அசல் அட்டை இருக்க வேண்டும்; செல்பேசியில் உள்ள படம் செல்லாது. ரோமன் எழுத்தில் பெயரும் புகைப்படமும் உள்ள உரிமத்தை ஐஸ்லாந்தில் ஏற்கிறார்கள் என்றாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் பெற்றுக்கொண்டு போவது நல்லது. அது அதிகபட்சம் ஓராண்டு செல்லும். ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து வருபவருக்கு உரிமம் தேவையில்லை.

மலையில் மனம் போன போக்கில் ஓட்டலாம் என்று எண்ணியிருந்தேன். அங்கே சென்று வந்த என் மருமகனோ, “தடத்தை விட்டு ஓர் அடி விலகவும் விடவில்லை” என்கிறார். அப்படியானால் அவ்வளவு பணம் எதற்கு?
– வாசகர், திருநெல்வேலி

தங்கள் மருமகனை அழைத்துச் சென்ற வழிகாட்டி தம் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார். விளம்பரப் படங்களில் வண்டி காட்டையும் மேட்டையும் கிழித்துக்கொண்டு பறப்பதுபோல் காட்டினாலும், ஐஸ்லாந்தின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி சாலைகளுக்கும் ஏற்கப்பட்ட தடங்களுக்கும் வெளியே மோட்டார் வாகனம் ஓட்டுவது குற்றம். பனிப்பாறைகளின் மீதும், நிலம் உறைந்து இறுகி அதன் மேல் பனி மூடியிருக்கும் இடங்களிலும் மட்டுமே, நிலத்துக்குச் சேதம் வராது என்ற நிலையில் விலக்கு உண்டு. மீறினால் கடும் அபராதம். குற்றம் பெரிதானால் சிறைத்தண்டனைக்கும் இடம் இருக்கிறது. சுற்றுலாப் பயணி என்பதற்காக எந்தச் சலுகையும் இல்லை.

இவ்வளவு கடுமைக்குக் காரணம் அந்த நிலத்தின் இயல்பு. 1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தெற்கு ஐஸ்லாந்தில் லாகி என்னும் எரிமலைப் பிளவு வாய் திறந்து, மறு ஆண்டு பிப்ரவரி வரை எரிகுழம்பைக் கக்கியது. 500 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் பரவி உறைந்த அந்தக் குழம்பின் மேல், இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் பெரும்பகுதியில் வளர்ந்திருப்பது சாம்பல் கலந்த பச்சை நிறப் பாசி மட்டுமே. கையை வைத்தால் விரல்கள் முழுவதும் புதையும் அளவுக்குத் தடிமனான அந்தப் பாசி மெத்தை உருவாக எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வண்டி அதன் மேல் ஒரே ஒரு முறை ஏறி இறங்கினால் பாசி பிய்ந்து அடியில் உள்ள கருமண் வெளியே தெரியும். எரிமலைச் சாம்பல் கலந்த அந்த மண்ணுக்கு ஒட்டும் தன்மை குறைவு. டயர் பள்ளத்தில் மழைநீர் ஓடும், குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து மண்ணை விரிக்கும், உருகும்போது மண் கரையும், கோடையில் காற்று அதை வாரிக்கொண்டு போகும். அரை அடி அகலத்தில் தொடங்கிய கீறல் சில ஆண்டுகளில் ஓடையாகிவிடும். வெறும் மணல் பரப்பில் விழுந்த தடங்களை, வாரி என்னும் பல் வைத்த கருவியால் இழுத்து அழிக்கும் வேலையைப் பூங்காக் காவலர்களும் தன்னார்வலர்களும் கோடைதோறும் செய்கிறார்கள். பாசியில் விழுந்த தடத்தை அப்படி அழிக்க வழியில்லை.

மண் அரிப்பு என்றால் ஐஸ்லாந்துக்காரர்கள் பதறுவதற்குப் பழைய காரணமும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகள் வந்தபோது நாட்டின் கால் பங்குக்காவது பிர்ச் மரக்காடுகள் இருந்தன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. விறகுக்கும் கரிக்கும் மரம் வெட்டியும் ஆடுகளை மேயவிட்டும் அந்தக் காட்டை அழித்த பிறகு மண்ணும் காற்றோடு போயிற்று. இன்று காடு என்று சொல்லத்தக்கது சுமார் 2 விழுக்காடுதான். இழந்ததன் அருமையை அறிந்தவர்கள் எஞ்சியிருப்பதைக் காப்பதில் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

இனி, பணம் எதற்கு என்ற கேள்வி. தலைநகர் ரெய்க்யவிக்கை அடுத்த குன்றுகளில் உள்ள தடங்களே சாதாரணக் காருக்குச் சற்றும் இடம் கொடுக்காத அளவுக்குக் கரடுமுரடானவை. சரளை, சேறு, ஆட்டுப் பண்ணைகளின் பழைய பாதை, முழங்கால் ஆழத் தேங்கிய நீர் என்று மாறி மாறி வரும். அந்தத் தேங்கிய நீர் விஷயத்திலும் விதி ஒன்று உண்டு: குட்டையைச் சுற்றி ஓரமாகப் போகக் கூடாது, நடுவிலேயே இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொருவரும் ஓரம் பார்த்து ஒதுங்கினால் தடம் ஆண்டுக்கு ஆண்டு அகன்றுகொண்டே போகும் என்பதே அதற்குக் காரணம். சட்டத்தை மதித்துக்கொண்டே தலை முதல் கால் வரை சேறாகலாம் என்பது இந்தப் பயணத்தின் பெரிய வசதி. மேட்டின் உச்சியில் நிறுத்தும்போது, ஹெங்கில் மலைச்சரிவுகளில் வெந்நீரூற்றுகளின் ஆவி வெண்மையாக எழுவதைப் பார்க்கலாம். அந்த மலையடிவாரத்து நெஸ்யவெட்லிர் நிலையத்திலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாகவும் ரெய்க்யவிக்கின் வீடுகளுக்கு வெந்நீர் போகிறது. பயணம் முடிந்து சேற்றைக் கழுவும்போது குளியலறையில் லேசாக அடிக்கும் கந்தக வாடையும் அந்த நிலத்தடி வெப்பத்தின் உபயம்தான்.

வண்டி கவிழ்ந்துவிடாதா?
– வாசகி, சேலம்

கவிழக்கூடியதுதான். வேகமாகப் போகும்போது திடீரென்று திருப்புவதும், சரிவின் குறுக்காக ஓட்டுவதும் முக்கியக் காரணங்கள். நேராக ஏறி நேராக இறங்கினால் ஆபத்து மிகவும் குறைவு. கூண்டும் நான்கு முனை இருக்கைப் பட்டையும் தலைக்கவசமும் இருப்பதால், கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர் பெரும்பாலும் தப்பிவிடுகிறார், அடிபடுவது கையைத்தான். வண்டி சாய்வதை உணர்ந்ததும் தரையில் ஊன்றுவதற்காகக் கையை வெளியே நீட்டுவது எல்லோருக்கும் இயல்பாக வருவது; கூண்டின் குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் சிக்கினால் அந்தக் கை நசுங்கிவிடும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கையும், பக்கத்தில் இருப்பவர் முன்னால் உள்ள கைப்பிடியையும் விடவே கூடாது. துப்பட்டா, நீளமான கழுத்துத் துணி, அவிழ்த்துவிட்ட கூந்தல் ஆகியவை வண்டியில் ஏறுமுன் மேலுடைக்குள் போய்விட வேண்டும்.

ஊட்டியில் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர் போதுமா? ரெய்க்யவிக்கில் ஜனவரியில்கூடப் பூஜ்ஜியம் டிகிரிதான் என்று படித்தேன்.
– வாசகர், மதுரை

தாங்கள் படித்தது சரி. கடல் நீரோட்டத்தின் தயவால், அந்த ஊரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கிறது. ஜூலையில் 11, 12 டிகிரி. ஆனால் அங்கே குளிரைத் தீர்மானிப்பது வெப்பமானி அன்று, காற்று. பூஜ்ஜியம் டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் தோலுக்கு அது சுமார் மைனஸ் 8 டிகிரியாக உறைக்கும். முன்கண்ணாடி இல்லாத வண்டியில் நாம் போகும் வேகமே காற்றாக வந்து மோதும் என்பதால், காற்று அசையாத நாளிலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஸ்வெட்டர் காற்றைத் தடுக்காது. நூல் இடைவெளிகள் வழியே காற்று நேராக உள்ளே வரும்.

காற்றும் நீரும் புகாத முழு மேலங்கி, தலைக்கவசம், கண்ணாடி ஆகியவற்றைப் பொதுவாக நிறுவனமே தரும். உள்ளே அணிவதை நாம்தான் கொண்டு போக வேண்டும். அதில் பருத்தி வேண்டாம். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து உடல் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுவதும் காயாது. மெல்லிய கம்பளி உள்ளாடையும் அதன் மேல் ஃப்ளீஸ் என்னும் செயற்கை இழைச் சட்டையும் போதுமானவை. கையுறை இரண்டு ஜோடி இருக்கட்டும், முதல் ஜோடி முதல் குட்டையிலேயே நனைந்துவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், அதற்கு மேலேயே போட்டுக்கொள்ளும் அகலமான பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 61. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறேன்; கணவருக்கு முதுகுத்தண்டில் வட்டு விலகிய தொல்லை உண்டு. நாங்கள் போகலாமா?
– வாசகி, சென்னை

வயது தடையன்று. தங்கள் கணவர் இதைத் தவிர்த்துவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. சஸ்பென்ஷன் எவ்வளவு உயர்தரமாக இருந்தாலும், பாறையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் இடுப்பெலும்பு வழியாக அதிர்ச்சி முதுகுக்கு ஏறும். அதிலும் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அடுத்த குலுக்கல் எப்போது என்று தெரியாததால் பாதிப்பு அதிகம். கழுத்துத் தேய்மானம், எலும்பு அடர்த்திக் குறைவு, அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சை ஆகியவை உள்ளவர்களுக்கும் இதையே சொல்வோம். கருவுற்றிருப்பவர்களை எந்தப் பொறுப்புள்ள நிறுவனமும் ஏற்றாது.

தாங்கள் மருத்துவரின் ஒப்புதலோடு போகலாம். இன்சுலின் உறையக் கூடாது. உறைந்து உருகியதைப் பயன்படுத்தவும் கூடாது. ஆகவே இன்சுலின் பேனாவை வண்டியின் பைக்குள் வைக்காமல், உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் தவறு காட்டும் அல்லது வேலை செய்யாது. அதற்கும் அதே இடம்தான். காலை உணவைத் தவிர்த்துவிட்டு ஏறாதீர்கள்; வாயில் போட்டுக்கொள்ள ஏதாவது இனிப்பு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தங்கள் நிலையை வழிகாட்டியிடம் புறப்படுமுன் சொல்லிவிட வேண்டும்.

கோடையா, குளிர்காலமா?
– வாசகர், தஞ்சாவூர்

முதல்முறை போகிறவர்களுக்குக் கோடை. ஜூன் இறுதியில் நள்ளிரவை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது, அதனால் எந்த நேரப் பயணத்தையும் எடுக்கலாம். வறண்ட நாளில் முன்வண்டியின் புழுதி மட்டும் தொல்லை தரும். டிசம்பரில் பகல் சுமார் நான்கு மணி நேரம்தான். எந்தப் பருவமானாலும் காற்று எச்சரிக்கை வந்தால் பயணம் ரத்தாகும். ஐஸ்லாந்து வானிலை அலுவலகம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. ஊருக்குத் திரும்பும் கடைசி நாளில் பக்கி பயணத்தை வைத்துக்கொள்ளாமல் முதல் நாட்களில் வைத்துக்கொண்டால், ரத்தானாலும் மாற்று நாள் கிடைக்கும்.

விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீடு இதற்கும் பொருந்துமா?
– வாசகி, ஈரோடு

பொருந்தும் என்று நம்பிப் போகாதீர்கள். ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஒரே விசாவில் சென்று வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் ஒன்று. அந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். விலை மலிவு என்று எடுக்கும் பல பாலிசிகளில் ‘சாகச விளையாட்டுகள்’, ‘மோட்டார் வாகனச் சாகசங்கள்’ விலக்குப் பட்டியலில் இருக்கும். பட்டியலைப் படித்து, தேவையானால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்ததற்கான ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

அதற்கும் வண்டிக்கு நேரும் சேதத்துக்கும் தொடர்பில்லை. பயணத்துக்கு முன் தாங்கள் கையெழுத்திடும் தாளில், வண்டி சேதமானால் இவ்வளவு தொகை வரை ஓட்டுநர் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொகை என்ன, அதைக் குறைக்கக் கூடுதல் கட்டணம் உண்டா, வழிகாட்டியின் தடத்தை விட்டு விலகியதால் வந்த சேதத்துக்கு அந்த வரம்பு செல்லுமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விளம்பரத்தில் காணும் கட்டணம் பெரும்பாலும் ஒரு வண்டியில் இருவர் என்ற கணக்கில் ஆளுக்கு உரியது. தனியாக ஒரு வண்டி வேண்டும் என்றால் தொகை கணிசமாக ஏறும். எண் ஒன்றை மட்டும் செல்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்: அவசர உதவிக்கு அங்கே 112.