பந்துக்கு எந்தப் பக்கம் நிற்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அண்ணனுக்கு வயது 52. பத்து மாதம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. ஊன்றுகோலோடு நடக்கிறார். இடது கை விரல்கள் இன்னும் விரியவில்லை. தட்டில் இடப்பக்கம் இருப்பதைக் கவனிக்காமலே எழுந்துவிடுகிறார். பிசியோ கோல்ஃப் ஆடிப் பார்க்கச் சொல்கிறார். ஒரு கையால் ஆடக்கூடிய ஆட்டமா அது? எங்கிருந்து தொடங்குவது?

கே.

அன்புள்ள கே.,

தாராளமாக ஆடலாம். ஒற்றைக்கை ஆட்டக்காரர்களுக்கென்று 1930களிலிருந்தே சங்கம் இருக்கிறது. 2023-இல் வந்த விதிப்புத்தகம் ஊன்றுகோல், சக்கர நாற்காலி வைத்திருப்பவர்களுக்கான மாற்றங்களை 25-ஆம் விதியாகச் சேர்த்துக்கொண்டது. விதியெல்லாம் பிறகு பார்க்கலாம். அண்ணன் பந்துக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வலக்கைக்காரர் வழக்கமாக நிற்பதுபோல் நின்றால் இலக்கு இடப்புறம் அமையும். அவர் கவனம் போகாத பக்கம் அது. போதாததற்கு, வீச்சு முடியும்போது உடல் எடை இடது காலுக்கு, அதாவது தளர்ந்த காலுக்குப் போகும். புட்டரில், அதாவது பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் தள்ளும் மட்டையில், வீச்சு சின்னது, எடை நகராது. ஆகவே புட்டருக்கு மட்டும் அந்த நிலை. குழியைத் தாண்டி, இன்னும் இடப்புறமாக, பளிச்சென்ற நாடா ஒன்றைத் தரையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முன் அவர் தலையைத் திருப்பி நாடாவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து குழிக்கும், குழியிலிருந்து பந்துக்கும் பார்வையைக் கொண்டுவர வேண்டும். பந்து விழுகிறதா என்பதைவிட இந்தத் தேடல்தான் எனக்கு முக்கியம்.

அயர்ன், அதாவது பந்தைத் தூக்கி அடிக்கும் உலோகத் தலை மட்டை, எடுக்கும்போது பக்கத்தை மாற்றுங்கள். இடக்கைக்காரருக்கான 9-ஆம் எண் அயர்னை வலது கையில் பிடித்து, டென்னிஸ் பேக்ஹேண்ட் போல வீச வேண்டும். எடை நல்ல காலில் போய் முடியும். வலக்கைக் கிளப் (மட்டை) இதற்கு உதவாது, அதன் முகம் எதிர்ப்பக்கம் பார்க்கும். பந்தை ஒரு விரற்கடை உயர டீயில் (பந்தைத் தாங்கும் சின்ன முளை) வையுங்கள். கிளப் தரையில் குத்தினால் அந்த அதிர்ச்சி முழுவதையும் ஒற்றை மணிக்கட்டே தாங்க வேண்டியிருக்கும். இடுப்பு உயரத்துக்கு மேல் ஓங்க வேண்டாம்.

அவசரம் வேண்டாம், முதல் இரண்டு வாரம் புட்டர் மட்டும். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பத்துப் பந்து, பிறகு உட்கார்ந்து ஓய்வு; இப்படி மூன்று சுற்று. அடிக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், வெளியே விட்டபடி அடிக்கச் சொல்லுங்கள்.

வேகமாக அடிக்கப் பார்த்தால் இடது முழங்கை தானாக மடங்கி மேலேறும், விரல்கள் இறுகும். வலப்பக்கத்தின் முயற்சி இடப்பக்கத்துக்கும் பரவுவதால் வருவது இது. அவரைக் கோபிப்பதில் பயனில்லை. பார்த்தவுடன் வேகத்தைப் பாதியாக்குங்கள். எவ்வளவு வலுவாக அடிக்கலாம் என்பதற்கு அந்த முழங்கையே அளவுகோல்.

இடது கையை வெல்க்ரோ பட்டையால் கிளப்போடு கட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தோள்வலி இல்லையென்றால், பிசியோவைக் கேட்டுக்கொண்டு புட்டரில் செய்து பார்க்கலாம். அயர்னில் கூடவே கூடாது. தளர்ந்த தோளில் மூட்டு ஏற்கெனவே சற்று இறங்கியிருக்கக்கூடும்; வீச்சு அதை மேலும் இழுத்துவிடும்.

உடனிருப்பவர் அண்ணனின் முதுகுக்குப் பின்னால், சற்றே இடப்புறமாக நின்று இடுப்புப் பட்டையைப் பிடித்திருக்கட்டும். பக்கவாட்டில் நின்றால், அயர்னைப் பின்னுக்கு ஓங்கும்போது அது உடனிருப்பவர் மேலேயே படும்.

இன்னொன்று, பந்தை அடிக்கும்போது மட்டும் பிடித்துக்கொண்டு, குழியிலிருந்து எடுக்கும்போது விட்டுவிடாதீர்கள். குனியும்போதும் விழ வாய்ப்புண்டு. புட்டர் கைப்பிடியின் நுனியில் மாட்டுகிற ரப்பர் உறிஞ்சி ஒன்று கிடைக்கும். புட்டரைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் பந்து ஒட்டிக்கொண்டு மேலே வரும். கிளப் வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள்.