அவளைக் கணினிப் படிப்புக்கு மாற்றாதீர்கள்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், வளைந்த காலவெளியில் டிராக் சமன்பாட்டை எழுதும் மாற்று வழிகளில் ராத்திரி பகலாக மூழ்கியிருக்கிறாள். "இதை வைத்து என்ன வேலை கிடைக்கும்? கடன் வாங்கியாவது செயற்கை நுண்ணறிவில் சேர்த்துவிடு" என்கிறார்கள் சித்தப்பாவும் மாமாவும். உங்கள் கவலை நியாயமானது. அவர்கள் சொல்லும் தீர்வு தவறானது.

அவள் எதைப் படிக்கிறாள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எலெக்ட்ரான் எப்படி இயங்குகிறது என்று சொல்ல இயற்பியலாளர் டிராக் 1928இல் எழுதிய சமன்பாடு, தட்டையான காலவெளிக்கானது; காலமும் இடமும் சேர்ந்ததுதான் காலவெளி. ஈர்ப்பு அதை வளைத்துவிட்டால் அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சட்டகத்தை, அதாவது திசைகளை அளக்கும் அச்சுகளை, பொருத்திக் கணக்கிடும் வழியை 1929இல் ஃபாக், வைல் என்ற அறிஞர்கள் காட்டினார்கள். பாடநூல்களில் இன்றும் பெரும்பாலும் அதுதான். 1932இல் ஷ்ரோடிங்கர் சட்டகம் இல்லாமலே செய்து பார்த்தார். சமன்பாட்டை இருமடியாக்கியபோது, காலவெளியின் வளைவைக் குறிக்கும் அளவில் கால் பங்கு தனி உறுப்பாக வந்து நின்றது. ஒரே எலெக்ட்ரானுக்கு ஏன் இரண்டு வழி என்று யாரும் தூண்டாமல் ஒரு மாணவி கேட்கிறாள் என்றால், அந்த நாட்டத்தைக் கலைக்க யாருக்கும் உரிமை இல்லை.

சரி, வேலை? ஆசிரியர் பணியும் போட்டித் தேர்வும் உங்களுக்கே தெரியும். யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்று ஒப்புமை ஈர்ப்பு: ஈர்ப்பின் விளைவுகளுக்கு ஒப்பானவற்றை ஆய்வகத்தில் வேறு பொருள்களில் உண்டாக்கிப் பார்க்கும் துறை. ஓடும் திரவத்தில் ஒலி அலை செல்வதும் கருந்துளை அருகே அலை செல்வதும் ஒரே வடிவக் கணக்கு என்று 1981இல் இயற்பியலாளர் அன்ரூ காட்டினார். ஒலியைவிட வேகமாகத் திரவம் ஓடும் பகுதியிலிருந்து ஒலி எதிர்நீச்சல் போட்டு வெளியே வர முடியாது. கருந்துளையிலிருந்து வெளிவரும் என்று ஹாக்கிங் 1974இல் கணித்த கதிர்வீச்சின் ஒப்புமையை, மிகக் குளிர்ந்த அணுத்திரளில் கண்டதாக 2016இல் இயற்பியலாளர் ஸ்டைன்ஹவர் அறிவித்தார்.

அவள் படிப்புக்குக் கிராஃபீன் இன்னும் நெருக்கம். 2004இல் பிரித்தெடுத்துக் காட்டப்பட்ட, ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள் அது. அதற்குள் எலெக்ட்ரான்கள், நிறையே இல்லாத துகளுக்கான டிராக் சமன்பாட்டின்படியே ஓடுகின்றன, வேகம் மட்டும் ஒளியின் வேகத்தில் சுமார் 300இல் ஒரு பங்கு. அந்தத் தாளை வளைத்தால், உங்கள் மகள் நோட்டில் எழுதும் வளைந்த வெளிக் கணக்கு ஆய்வக மேசைக்கே வந்துவிடுகிறது. இதில் பழகுபவர்களுக்கு லேசர், மிகக் குறைந்த வெப்பநிலைக் கருவிகள், எண்முறைக் கணக்கீடு, நிரல் எழுதுவது எல்லாம் கைவந்துவிடும். பொருளறிவியலிலும் குறைகடத்தித் துறையிலும் இந்தத் திறமைகளுக்கு இடம் உண்டு. அவள் இப்போதே தொடங்க வேண்டியது ஒன்றுதான்: வளைந்த கிராஃபீன் தாளுக்கான சமன்பாட்டைத் தன் கையால் நிரல் எழுதித் தீர்க்கட்டும்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடன் வாங்காதீர்கள், எந்தப் படிப்புக்கும். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை தராத இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். மனமில்லாத பெண்ணைக் கடனோடு ஒரு வகுப்பில் உட்காரவைத்தால், பாதியில் அவள் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. அதைக் கட்டப்போவது சித்தப்பா அல்ல.

அவளிடமும் ஒன்று சொல்லுங்கள். விடுமுறையில் ஆறு வாரம் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்து பார்க்கட்டும். பிடிக்கவில்லை, தாளும் பேனாவும் போதும் என்றால் அவள் விருப்பம். ஆனால் வெறும் கோட்பாட்டில் நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. அதை அவளிடம் மறைக்காதீர்கள், அப்புறம் முடிவை அவளே எடுக்கட்டும்.