லாஸ் ஏஞ்சலஸ் தண்ணீர்-மின் பில்: முதலில் மாதத்தை எண்ணுங்கள்

பக்கத்து ஊரான சாண்டா மோனிகாவில் இருக்கும் நண்பருக்கு எடிசன் மின் நிறுவனத்தின் பில் பாதிகூட வரவில்லை, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். பதற வேண்டாம். எடிசன் தனியார் நிறுவனம். மாதாமாதம் மின்சாரத்துக்கு மட்டும் பில் போடுகிறது. உங்களுடையது லாஸ் ஏஞ்சலஸ் மாநகரத்துக்கே சொந்தமான தண்ணீர்-மின் துறை, 1902-இல் தண்ணீருக்காகத் தொடங்கியது. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். அதிலேயே தண்ணீர், மின்சாரம், போதாததற்கு மாநகரத்தின் கழிவுநீர், குப்பைக் கட்டணமும் சேரும். (முதல் பில்லைப் பார்த்து நானும் திகைத்தவன்தான்.)

சரி, தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். தண்ணீர்த் தொகை மட்டும் எகிறியிருந்தால், இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் நகர்ந்திருந்தால் கசிவுதான். பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டி. தனி வீட்டுக்குத் தண்ணீர் படிநிலைக் கட்டணம் (பயன்பாடு கூடக் கூட விலையும் ஏறும்) என்பதால், சின்னக் கசிவுகூட மேல் படிக்குத் தள்ளிவிடும்.